ஒன்பதரை மணிக்கு யாரும் கூப்பிடுவதில்லை

கொரோனாத் தொற்றுக் காலத்தில் வாசகி ஒருவர் எழுதிய கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிச் சுருக்கியிருக்கிறேன்.

"எனக்கு 41 வயது. கணக்கு வேலை, இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே செய்கிறேன். கணவர் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்தில் இருக்கிறார். தொற்று தொடங்கிய நாளிலிருந்து தனி அறையில்தான் படுக்கிறார். மாமியாருக்கு 74 வயது, சர்க்கரை நோய். மகன் எட்டாவது படிக்கிறான். எங்கள் குடியிருப்பில் யாருக்குத் தொற்று வந்தாலும் என் நம்பரைத்தான் கொடுப்பார்கள். மருந்து வாங்கி வாசலில் வைப்பது, ஆக்சிஜன் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்வது, மருத்துவமனையில் பெட் தேடுவது எல்லாம் நான்தான். ஏழு மாதத்துக்கு முன் என் அக்கா தொற்றில் போய்விட்டாள். கடைசியாக வீடியோவில்தான் பார்த்தேன், அரை நிமிஷம் இருக்கும். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு அக்கா கூப்பிடுவாள். இப்போது அந்த நேரம் வந்தாலே மார்பு இறுகுகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிப் பார்க்கிறேன். 98 காட்டினாலும் நம்பிக்கை வருவதில்லை. இ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர் இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். கணவரிடம் சொன்னால், 'நீ தைரியசாலி, உனக்கு ஒன்றும் ஆகாது' என்கிறார். அக்கா மகளுக்கு 19 வயது. அவள் குரல் அப்படியே அக்கா குரல். அதனால் அவளுக்குப் போன் செய்யவே முடியவில்லை. சில நாள் காலையில் கண்ணே திறக்காமல் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது. மற்றவர்கள் பட்ட பாட்டைப் பார்க்கும்போது இதைக் கேட்பதற்கே வெட்கமாக இருக்கிறது. எல்லோருக்கும் நான் இருக்கிறேன். எனக்கு என்ன ஆயிற்று?"

அன்புள்ள சகோதரிக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்ட ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். காலையில் கண் திறக்காமல் இருந்தால் தேவலை என்கிறீர்கள். இந்த அலைச்சல் போதும், கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் நன்றாக இருக்கும் என்பதை அப்படிச் சொல்லியிருக்கலாம். செத்துப்போனால் நல்லது என்பதையும் அப்படிச் சொல்லியிருக்கலாம். எது என்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவதுதான் என்றால், அதிலும் எப்படி என்ற யோசனை வரைக்கும் போயிருந்தால், மீதியைப் படிப்பதைத் தள்ளிவையுங்கள். இன்றே கணவரிடம் இதே வார்த்தையில் சொல்லுங்கள். மனநல மருத்துவரிடமோ, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணிலோ, அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவிலோ பேசுங்கள். தனியாக இருக்காதீர்கள். இப்படி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பல வீடுகளில் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை. கேட்டவுடனே 'அப்பாடா, யாரோ கேட்டுவிட்டார்கள்' என்று மூச்சு விட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலாவது என்றால், மேலே பேசலாம்.

வெட்கப்படுவதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கத்து வீட்டில் இருவர் ஐ.சி.யு.வில் இருக்கும்போது எனக்கு மார்பு இறுகுகிறது என்று சொல்ல வாய் வரவில்லை, அதுதானே? இந்த இரண்டு வருடத்தில் என்னிடம் பேசியவர்களில் பெரும்பாலானோர் 'மற்றவர்களோடு பார்த்தால் எனக்கு ஒன்றுமே இல்லை' என்றுதான் ஆரம்பித்தார்கள். அப்பாவையும் அம்மாவையும் ஒரே வாரத்தில் பறிகொடுத்த ஒரு பையனும் அப்படித்தான் ஆரம்பித்தான். நீங்கள் மட்டும் தனியாகச் சரிந்துவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்ன கணக்குப்படி, தொற்றின் முதல் வருடத்திலேயே பதற்றக் கோளாறும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியிருக்கின்றன. இளைஞர்களும் பெண்களும்தான் அதிகம் அடிபட்டவர்கள். காரணங்களில் முதலாவதாக அவர்கள் சொன்னது, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் போனதை. நோய்ப் பயம், துக்கம், பணக் கஷ்டம், ஓயாத வேலை எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. உங்கள் கடிதத்தில் இவற்றில் பணத்தைத் தவிர எல்லாமே இருக்கின்றன.

சரி, மார்புக்கு வருவோம். ஆபத்து என்று மூளை எடுத்துக்கொண்டால் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்கும். இதயம் வேகமாக அடிக்கும். மூச்சு வயிற்றிலிருந்து மேலேறி நெஞ்சோடு நின்றுவிடும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் இறுகும். ஓடித் தப்பிக்க வேண்டிய ஆபத்துக்கு இந்த ஏற்பாடு பிரமாதமானது. ஆபத்து விலகினால் சற்று நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத, எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாத ஆபத்துக்கு உடம்பு இரண்டு வருடமாக இதே ஏற்பாட்டைத்தான் செய்துகொண்டிருக்கிறது. கார்டிசால் என்ற ஹார்மோன் இறங்க வேண்டிய ராத்திரி வேளையில் இறங்காமல் இருந்தால், தூக்கம் நடுவில் முறியும். இரண்டு மணிக்கு நீங்கள் விழித்துக்கொள்வதில் இதற்கும் பங்கு இருக்கலாம். வலிப்பது நிஜமான தசை, நிஜமான மூச்சு. கற்பனை என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம்.

ஆக்சிமீட்டர் விஷயத்தில்தான் கொஞ்சம் கறாராக இருக்கப் போகிறேன். இரண்டு மணிக்கு அதை மாட்டுகிறீர்கள். அந்தச் சிவப்பு வெளிச்சம், துடிக்கிற அந்தச் சின்னக் கோடு, எண் வருவதற்குள் போகிற அந்த நாலைந்து விநாடி... பிறகு 98. ஐந்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் 'விரல் சரியாக வைத்தேனா' என்ற சந்தேகம். மறுபடி மாட்டினால் 96. இப்போது அந்த இரண்டு எங்கே போயிற்று என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். விரல் குளிர்ந்திருந்தாலும், நகப்பூச்சு போட்டிருந்தாலும், கை கொஞ்சம் அசைந்தாலும் அந்தக் கருவி எண்ணைக் குறைத்துக் காட்டக்கூடும். நோயாளிக்கு அது உதவும். பயந்துபோயிருப்பவருக்கு ஒவ்வொரு தடவை பார்ப்பதும் 'பார்க்கவேண்டிய அளவுக்கு ஏதோ இருக்கிறது' என்று மூளைக்குச் சொல்லிக் கொடுப்பதில்தான் போய் முடியும். ஆகவே அது உங்கள் படுக்கைப் பக்கத்தில் இருக்க வேண்டாம். மாமியார் அறையில், அவர் பொறுப்பில் இருக்கட்டும். வேண்டுமென்றால் அவரை எழுப்பிக் கேட்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ராத்திரிகளில் கேட்க மாட்டீர்கள். முதல் நாலைந்து நாள் பயம் கூடும், கூடித்தான் குறையும். விழிப்பு வந்தால் எழுந்து உட்கார்ந்து, மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். வெளியே விடுவது நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு தானாக மெதுவாகும். ஐந்து நிமிஷம் போதும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கை, தாடை, முதுகு வரை பரவுகிற வலி, வேர்த்துக் கொட்டுவது, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, மயக்கம், இவை புதிதாக வந்தால் பதற்றம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதெல்லாம் மேல்மட்டம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் என் கண் அந்த ஒன்பதரை மணியில்தான் போய் நின்றது.

அக்கா இறந்ததில் ஓர் உடன்பிறப்பை இழந்தீர்கள். அதே நாளில், உங்களை 'இன்றைக்கு என்ன ஆச்சு?' என்று கேட்கிற ஒரே ஆளையும் இழந்தீர்கள். நாள் முழுக்க நாற்பது பேருக்குக் காது கொடுத்துவிட்டு, ராத்திரி ஒருத்தியிடம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக்கொண்டிருந்தீர்கள். வாங்கிக்கொள்ள ஆள் போய்விட்டது. கொடுப்பது மட்டும் நிற்கவில்லை. ஏழு மாதமாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். இந்த நிலையில் மார்பு இறுகாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

சமூக ஆதரவு என்று மனநலத் துறையில் நாங்கள் சொல்வதை ஜேம்ஸ் ஹவுஸ் என்ற சமூகவியலாளர் 1981-ல் நாலாகப் பிரித்தார். மனசுக்குத் துணையாக இருப்பது ஒன்று. கை கால் உதவி ஒன்று. தகவல் சொல்வது ஒன்று. 'நீ செய்தது சரிதான்' என்று நம்மைப் பற்றி நமக்கே எடுத்துச் சொல்வது நாலாவது. நீங்கள் குடியிருப்புக்கு நாலையும் கொடுக்கிறீர்கள். உங்களுக்கு வருவது? வாட்ஸ்அப்பில் தகவல் கொட்டுகிறது. பாராட்டும் வருகிறது. கணவர் சொல்லும் 'நீ தைரியசாலி' அந்த நாலாவது வகைதான். அவர் அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் பசிக்கிறவருக்குப் போர்வை கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. 'நான் உடைந்துபோயிருக்கிறேன்' என்று சொல்ல வந்த வாயை அந்த நல்ல வார்த்தையே அடைத்துவிடுகிறது.

அவரிடம் மறுபடி பேசுங்கள். 'எனக்கு முடியவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் அவர் தீர்வு தேடப் போய்விடுவார். பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க விடை கண்டுபிடித்துவிட்டு வருகிறவர் அவர். 'பத்து நிமிஷம் நான் பேசுகிறேன். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். தைரியமும் சொல்ல வேண்டாம். கேட்டால் போதும்' என்று சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது செயற்கையாகத்தான் இருக்கும், பரவாயில்லை. இன்னொரு நாள் அவருடைய பத்து நிமிஷம். அவர் இந்த இரண்டு வருடத்தில் எத்தனை மாதிரிகளைக் கையில் எடுத்திருப்பார், எந்தப் பெயரைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பார் என்று அவரும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

அந்தத் தனி அறையைப் பற்றியும் கேட்க வேண்டும். தடுப்பூசி இல்லாத நாளில் போட்ட ஏற்பாடு அது. அன்றைக்கு அது சரி. இன்றைக்கும் தேவையா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசினீர்களா? பல வீடுகளில் இப்படி ஒரு விதி, யாரும் திரும்பிப் பார்க்காததால் மட்டுமே நிற்கிறது. அவருடைய மருத்துவமனையில் தொற்றுக் கட்டுப்பாட்டைக் கவனிப்பவர்களிடம், மாமியாரின் வயதையும் சர்க்கரையையும் சொல்லி, இப்போதைய வழிமுறை என்ன என்று கேட்டு வரச் சொல்லுங்கள். நான் இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. 2006-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், மணமான 16 பெண்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்க வைத்து, சின்ன மின்அதிர்ச்சி வரப்போகிறது என்று அறிவித்தார்கள். கணவரின் கையைப் பிடித்திருந்தபோது மூளையில் ஆபத்துக்குத் துடிக்கிற பகுதிகள் அடங்கின. தெரியாத ஒருவரின் கைக்கும் கொஞ்சம் பலன் இருந்தது, ஆனால் அந்த அளவுக்கு இல்லை. வார்த்தை எதுவும் சொல்லவில்லை, கை மட்டும்தான். இரண்டு வருடமாக உங்களுக்கு அந்தக் கை இல்லை.

இந்தக் காலத்தில் நமக்கு வாய்த்த 'சமூக இடைவெளி' என்ற சொல்லை நான் ஆரம்பத்திலிருந்தே ஏற்கவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் அதை விட்டுவிட்டு 'உடல் இடைவெளி' என்று பொருள்படும் சொல்லுக்கு மாறியது. தள்ளி நிற்க வேண்டியது உடம்பு, மனிதர்கள் தொடர்பில் இருக்க வேண்டும் என்று காரணமும் சொன்னது. தமிழில் பழைய சொல்லே எல்லாச் சுவரிலும் ஒட்டிக்கொண்டது. சமூகத்திடமிருந்தே தள்ளி இருக்கச் சொல்கிறார்கள் என்று அதை அப்படியே எடுத்துக்கொண்ட பெரியவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் தனியாக இருந்த ஒருவரும், எதிர் மாடிக்காரரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். காலை ஏழு மணிக்கு இவர் ஜன்னல் திரையை விலக்குவார். அவர் கையை ஆட்டுவார். திரை விலகாவிட்டால் எட்டு மணிக்குள் கதவைத் தட்டுவார். அவ்வளவுதான். ஒரு வருடத்தில் ஒரு தடவைகூடத் தட்ட வேண்டி வரவில்லை. ஆனால் அந்த ஏழு மணிக்காக எழுந்தேன், சவரம் செய்துகொண்டேன் என்றார் அந்தப் பெரியவர். இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, அந்த மணிக்கணக்கு. 'எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு' என்று உங்களிடம் எத்தனையோ பேர் சொல்லியிருப்பார்கள். யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டீர்கள். கூப்பிட வேண்டிய வேலை உங்கள் தலையிலேயே விழுவதுதான் அந்த வாக்குறுதியின் கோளாறு. களைத்துப்போனவரால் அதைச் செய்ய முடியாது. உங்கள் அக்கா 'எப்போது வேண்டுமானாலும்' என்று சொல்லவில்லை. ஒன்பதரைக்குக் கூப்பிட்டார்.

அந்த இடத்தை ஒருவரைக் கொண்டு நிரப்ப முயல வேண்டாம். அது முடியாது. ஒருவர் மேலேயே எல்லாவற்றையும் சாய்த்து வைத்தது எவ்வளவு ஆபத்து என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள். ஷெல்டன் கோஹன் என்ற உளவியலாளரின் குழு 1997-ல் 276 ஆரோக்கியமானவர்களின் மூக்கில் சாதாரண ஜலதோஷ வைரஸை விட்டுப் பார்த்தது. குடும்பம், நண்பர், அக்கம்பக்கம், வேலையிடம் என்று பலவகை உறவுகள் இருந்தவர்களைவிட, ஒன்று முதல் மூன்று வகை மட்டும் இருந்தவர்களுக்கு ஜலதோஷம் பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல் இருந்தது. எத்தனை பேர் என்பதைவிட எத்தனை வகை என்பதே அங்கே பேசியது. உங்களுக்கு அக்கம்பக்கம் நிறையவே உண்டு. ஆனால் அவர்கள் எல்லோரும் ஒரே வகைதான்: உங்களிடம் வாங்குகிறவர்கள். படித்த காலத்துத் தோழி ஒருத்தி, வேலையில் உங்களோடு சிரித்துப் பேசுகிற ஒருவர், அப்படி இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, 'ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்துக்குக் கூப்பிடுகிறாயா? இருபது நிமிஷம். எனக்கு இப்போது அது தேவைப்படுகிறது' என்று செய்தி அனுப்புங்கள். கடைசி வாக்கியத்தை அழித்துவிட்டு அனுப்பத் தோன்றும். அழிக்காதீர்கள்.

குடியிருப்பு வேலையையும் பிரிக்க வேண்டும். மூன்று பேர், ஆளுக்கு இரண்டு நாள் என்று மாறி மாறி. ராத்திரி ஒன்பதுக்கு மேல் உங்கள் நம்பர் கிடையாது. அவசரமென்றால் ஆம்புலன்ஸ் எண். வாசலில் மருந்து வைக்க யாராலும் முடியும். உங்களால் மட்டும்தான் முடியும் என்ற எண்ணத்துக்குள் இன்னொன்றும் இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தவறாக இருந்தால் மன்னியுங்கள். அக்காவுக்கு எதுவும் செய்ய முடியாமல் போயிற்று. அதனால் மற்ற யாரையும் விட்டுவிடக் கூடாது என்று ஓடுகிறீர்களோ? அந்த நேரத்தில் உங்களை உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். நீங்கள் எத்தனை பெட் தேடிக் கொடுத்தாலும் அந்த அரை நிமிஷ வீடியோ நீளப் போவதில்லை. இதை எழுதும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அக்காவை வழியனுப்புவது இன்னும் முடியவில்லை. நாலு பேர் கூடி, கட்டிப்பிடித்து அழுது, 'அவள் இப்படிச் சொல்வாளே' என்று பேசி முடிக்க வேண்டியதைத் தொற்று உங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டது. தள்ளிப்போனதை இப்போது செய்யலாம். அவரை அறிந்தவர்களை ஒரு நாள் சேருங்கள், நேரிலோ திரையிலோ. ஆளுக்கு ஒரு சம்பவம் சொல்லட்டும். ஏழு மாதம் தாமதம் என்று யாரும் நினைக்க மாட்டார்கள். எல்லோரும் அதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் என் அனுபவம்.

செய்திகளைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. தொற்று எண்ணிக்கையை ஒரு நாளில் ஒரு முறை, பகலில், ஒரே இடத்தில் பாருங்கள். படுக்கையறைக்குப் போன் வர வேண்டாம்.

இவ்வளவும் சொன்னாலும், நீங்கள் ஒரு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பார்க்க வேண்டும் என்றே நினைக்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாள் மனம் மந்தமாக இருப்பது, எதிலும் பிடிப்பு இல்லாதது, தூக்கம் கெடுவது, இருக்கவே வேண்டாம் என்ற எண்ணம் வருவது எல்லாம் சேர்ந்தால் மனச்சோர்வா என்று பார்த்துவிட வேண்டும். 2022-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச நோய் வகைப்பாட்டில் 'நீடித்த துக்கக் கோளாறு' என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். இழப்பு நடந்து ஆறு மாதத்துக்கு மேலாகியும் அந்த ஏக்கம் குறையாமல் அன்றாட வாழ்க்கையையே முடக்கும் நிலை அது. ஏழு மாதம் ஆயிற்று என்பதற்காக மட்டும் உங்களுக்கு அது என்று சொல்ல மாட்டேன். ஒரு கடிதத்தை வைத்து முடிவு செய்யவும் கூடாது. நேரில் பேசினால் தெரியும். வீடியோவிலும் பேசலாம். எல்லோருக்கும் மாத்திரை தருவதில்லை. பேச்சு சிகிச்சையிலேயே நன்றாகத் தேறுகிறவர்கள் நிறைய. மாத்திரை தேவைப்பட்டாலும் அதில் குறைவு ஒன்றும் இல்லை. மாமியார் சர்க்கரைக்கு எடுத்துக்கொள்கிறார் அல்லவா?

கடைசியாக அந்தப் பெண். 19 வயதில் அம்மாவை இழந்தவள், சித்தியும் ஏழு மாதமாகக் கூப்பிடவில்லை என்று என்ன நினைத்துக்கொண்டிருப்பாளோ. உங்களுக்கு ஏன் முடியவில்லை என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை. முதலில் செய்தியாக எழுதுங்கள்: 'உன் குரல் அம்மா குரல் மாதிரி இருக்கிறது. அதனால்தான் கூப்பிட முடியவில்லை. உன்னை மறக்கவில்லை.' அவள் பதில் வந்த பிறகு, அவளுக்குச் சரியென்றால், வாரத்தில் ஒரு நாள் ஒன்பதரைக்கு. அவள் உங்களுக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய பிள்ளை இல்லை. அந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமைத் தோழி இருக்கிறாள். இவளோடு பேச்சு வராவிட்டால் அக்காவைப் பற்றிக் கேளுங்கள், வீட்டில் என்ன சொல்லித் திட்டுவாள் என்று. நடுவில் இருவரில் ஒருவர் அழுவீர்கள். போனை மட்டும் வைத்துவிடாதீர்கள்.